கணைக்கால் வலியை மறைக்காதே, மகளே!

மாலை ஆறு மணி. பள்ளி மைதானத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சி முடித்துச் சிறுமி வீடு திரும்புகிறாள். வழக்கமாகப் படிகளில் துள்ளி இறங்குபவள் இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குகிறாள். "என்ன பாப்பா, காலு வலிக்குதா?" என்று தாய் கேட்கிறாள். "ஒண்ணுமில்லம்மா" என்கிறாள் மகள்.

மூணாற்று லயத்திலும் இது நடக்கலாம். கஞ்சிக்கோட்டு வாடகை வீட்டிலும் நடக்கலாம். மகளின் "ஒண்ணுமில்லை"க்குள் ஒரு பயம் ஒளிந்திருக்கிறது. வலிக்கிறது என்று சொன்னால் மாஸ்டர் போட்டிக் குழுவிலிருந்து பெயரை எடுத்துவிடுவாரோ? விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்காமல் போகுமோ? அடுத்த வாரம் மாவட்டப் போட்டி இருக்கிறதே? இத்தனையும் எண்ணித்தான் பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது.

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே முன்புறமாக, கையால் தொட்டால் தோலுக்கு அடியிலேயே தட்டுப்படும் நீண்ட எலும்புதான் கணைக்கால் எலும்பு. அந்த எலும்பின் உள் ஓரத்தில், ஓடி ஆடும் பிள்ளைகளுக்கு வரும் வலியை ஆங்கில மருத்துவத்தில் 'ஷின் ஸ்பிளின்ட்ஸ்' என்கிறார்கள். முதல் வாரத்தில் வாய் திறந்து சொல்லிவிட்டால் பெரும்பாலும் சில வார ஓய்விலும் ஒழுங்கிலும் தீர்ந்துவிடக்கூடிய வலி இது. மறைத்தால் எலும்பில் கீறல் விழும் அளவுக்குப் போய், ஓர் ஆண்டின் விளையாட்டையே பறித்துவிடக்கூடிய வலியும் இதுவே.

கனவுக்குக் காரணம் உண்டு

மலையிலும் சமவெளியிலும் உள்ள நம் பிள்ளைகள் விளையாட்டை நம்புவதில் வியப்பில்லை. இடுக்கி மாவட்டத்துத் தொடுபுழையில் பிறந்த ஷைனி வில்சன் 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் அரையிறுதி வரை ஓடினார். அதே மாவட்டத்தின் கே.எம். பீனாமோள் 2002-ல் பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் தங்கம் வென்றார். ஆண்கள் 800 மீட்டரில் அவருடைய தம்பி பினு வெள்ளி வென்றார். இடுக்கியின் முல்லக்கானம் கிராமத்திலிருந்து வந்து, பாலக்காட்டில் ரயில்வே பணியில் சேர்ந்த பிரீஜா ஸ்ரீதரன் 2010-ல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கமும் 5,000 மீட்டரில் வெள்ளியும் பெற்றார். பாலக்காட்டு இளைஞர் எம். ஸ்ரீசங்கர் நீளம் தாண்டுதலில் 2022-ல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியிலும், 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டிலும் வெள்ளி வென்றவர்.

ஜிம்னாஸ்டிக்ஸும் கேரளத்துக்குப் புதிதல்ல. வடக்கே தலைச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் நூறாண்டுகளுக்கு முன்பே பிள்ளைகளுக்குக் கரணமும் கம்பி வித்தையும் கற்றுக்கொடுத்தார். கேரள சர்க்கஸின் தந்தை என்று இன்றும் அவரைப் போற்றுகிறார்கள். அதே தலைச்சேரியில் இப்போது இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையம் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைகளை உருவாக்கி வருகிறது.

பெரிய வசதியில்லாத வீடுகளிலிருந்து போனவர்களும் இந்த வழியில் பேரும் அரசு வேலையும் பெற்றிருக்கிறார்கள். ஆகவே பிள்ளையின் காலில் வலி வரும்போது, வலியோடு கூட வீட்டின் எதிர்பார்ப்பும் அந்தக் காலின் மேல் பாரமாக இறங்குகிறது. அதனால்தான் இதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

எலும்பும் தேயிலைச் செடியும்

எலும்பு கல்லைப் போல உயிரற்றது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. எலும்புக்குள் இரவும் பகலும் வேலை நடக்கிறது. ஒருவகை அணுக்கள் பழைய எலும்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து எடுக்கின்றன. மற்றொரு வகை அணுக்கள் அந்த இடத்தில் புது எலும்பைக் கட்டுகின்றன. புதிதாக ஓட்டமோ குதித்தலோ தொடங்கும்போது, 'இந்த எலும்பை இன்னும் உறுதியாகக் கட்ட வேண்டும்' என்று உடல் முடிவு செய்கிறது. ஆனால் முதலில் நடப்பது கரைக்கும் வேலை. கட்டும் வேலை பின்னாலேயே வந்து முடியச் சில வாரங்கள் பிடிக்கும்.

தோட்டத்தில் வேலை செய்வோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியில் மறுநாளே யாரும் கொழுந்து கிள்ளப் போவதில்லை. தளிர் விட்டு, கிளை தேறி, செடி தாங்கும் நிலைக்கு வரும்வரை காத்திருக்கிறார்கள். காத்திருக்காமல் கிள்ளினால் செடி நலிந்துவிடும். எலும்பும் அப்படியே. கரைத்தெடுத்த இடத்தில் புது எலும்பு நிரம்புமுன் மேலும் மேலும் குதித்தால் அந்த இடம் பலவீனமாகிறது. அதோடு, எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வைக் கெண்டைக்கால் தசைகள் ஒவ்வொரு குதிப்பிலும் இழுக்கின்றன. இரண்டும் சேர்ந்துதான் அந்த வலி.

பயிற்சியைத் திடீரென்று கூட்டுவதே இதற்கு முதல் காரணம். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு, ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தினம் இரண்டு வேளைப் பயிற்சியில் இறங்கும் பிள்ளைக்கு வலி வருவதில் ஆச்சரியம் இல்லை. போட்டி நெருங்கும்போது ஒரே மாதத்தில் பயிற்சியை இரட்டிப்பாக்குவதும் அப்படித்தான். பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு இது அதிகம் வருகிறது. பாதம் தட்டையாக உள்ளவர்களுக்கும், முன்பே ஒருமுறை இந்த வலி வந்தவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல்.

ஜிம்னாஸ்டிக்ஸில் ஏன் கூடுதல்?

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. உயரத்திலிருந்து கரணம் போட்டுத் தரையில் வந்து நிற்கும்போது அது பத்து மடங்கு அளவுக்கும் போகலாம். 30 கிலோ எடையுள்ள சிறுமியின் கால் ஒரு கணம் 300 கிலோவைத் தாங்குகிறது என்றால் நினைத்துப் பாருங்கள். ஒரு பயிற்சி நேரத்தில் இப்படி எத்தனை முறை அவள் குதிக்கிறாள்!

ஓட்டக்காரருக்கு மெத்தை வைத்த காலணி உண்டு. ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைக்கு வெறுங்கால்தான். பெரிய போட்டிகளில் தரைப் பயிற்சிக்கு 12 மீட்டருக்கு 12 மீட்டர் சதுரத்தில் அடியில் வில் பொருத்திய தளம் அமைக்கிறார்கள். குதித்து இறங்கும் இடத்தில் கனமான மெத்தை போடுகிறார்கள். சாதாரணப் பள்ளியில் கிடைப்பதோ நைந்துபோன கயிற்று மெத்தையும் அதன் கீழே சிமெண்டுத் தரையுமே. மெத்தை விலகிய சிமெண்டில் ஒரு நாளும் கரணம் போடக்கூடாது. மெத்தை ஒன்றுதான் இருக்கிறது என்றால், குதித்து இறங்கும் பயிற்சிகளை மட்டும் அந்த மெத்தைக்கு ஒதுக்கிவிட்டு, கை ஊன்றி நிற்றல், வளைதல், வயிற்றுத் தசைப் பயிற்சி ஆகியவற்றை வேறிடத்தில் செய்யலாம்.

மலைப் பகுதிப் பெற்றோர் மற்றொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். லயத்திலிருந்து பள்ளிக்கு இறக்கத்தில் நடப்பதும் கணைக்காலுக்கு வேலைதான். இறக்கத்தில் உடலைத் தடுத்து நிறுத்தி நிறுத்தி இறங்குவதால் கால் தசைகள் அதிகம் உழைக்கின்றன. காலையும் மாலையும் மலை இறங்கி ஏறும் பிள்ளையின் கால், மைதானத்துக்கு வரும் முன்பே பாதி நாள் வேலை செய்துவிட்டது. இது பயிற்சி தருபவருக்குத் தெரியாமலிருக்கலாம். பெற்றோர்தாம் சொல்ல வேண்டும்.

விரலால் தடவிப் பாருங்கள்

காலில் வரும் வலியெல்லாம் ஒன்றல்ல. வீட்டிலேயே ஓரளவு பிரித்தறியலாம். பிள்ளையை உட்கார வைத்து, கணைக்கால் எலும்பின் உள் ஓரத்தில் மேலிருந்து கீழாகக் கட்டை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள்.

மூன்று நான்கு விரல் அகலத்துக்கு, அதாவது 5 சென்டிமீட்டருக்கும் மேலாக வலி பரவியிருந்தால், அது பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட்ஸ். தொடக்கத்தில் பயிற்சி ஆரம்பிக்கும்போது வலிக்கும். உடல் சூடேறியதும் குறையும். பயிற்சி முடிந்தபின் மீண்டும் தலைகாட்டும். இந்தக் கட்டத்தில்தான் பிள்ளைகள் ஏமாந்து போகிறார்கள். 'ஆடினால் சரியாகிவிடுகிறது' என்று நினைத்து இன்னும் ஆடுகிறார்கள்.

காலணா நாணயம் அளவுக்கு ஒரே இடத்தில் சுரீரென்று வலித்தால் எச்சரிக்கை. ஒற்றைக் காலில் ஒருமுறை குதித்தாலே அந்த இடம் வலித்தால், நடக்கும்போதும் வலித்தால், இரவு படுத்த பிறகும் விண்விண் என்று தெறித்தால், எலும்பில் நுண்கீறல் விழுந்திருக்கலாம். அன்றே பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். அதிலும் எலும்பின் முன் விளிம்பின் நடுப்பகுதியில் விழும் கீறல் பொல்லாதது. குதித்தாடும் விளையாட்டுகளில் வரும் இந்தக் கீறல் ஆற மாதக் கணக்காகும். சிலருக்கு அறுவைச் சிகிச்சையும் தேவைப்படும்.

பயிற்சியின்போது கெண்டைக்கால் கல்லைப் போல இறுகி, பாதம் மரத்துப்போய், நிறுத்திய சிறிது நேரத்தில் சரியாகிவிட்டால் அது வேறு. தசைகளைச் சுற்றியுள்ள உறைக்குள் அழுத்தம் கூடுவதால் வருவது. அதையும் மருத்துவர் பார்க்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே புடைப்பாக வலிப்பதும், குதிகால் வலிப்பதும் வளரும் வயதில் தசைநார் எலும்பை இழுப்பதால் வரும் வேறு தொல்லைகள்.

'வளருகிற வயசு, அதனால வலிக்குது' என்று சொல்லி விட்டுவிடுவது நம் வீடுகளில் வழக்கம். வளர்ச்சி வலி என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இரவில் இரண்டு கால்களிலும் வந்து காலையில் போய்விடும். மைதானத்தில் இறங்கினாலே வரும் வலி, ஒரே இடத்தில் நிற்கும் வலி, வளர்ச்சி வலி அல்ல. காய்ச்சல், வீக்கம், எடை குறைதல், விளையாடாத நாளிலும் தூக்கத்தைக் கெடுக்கும் வலி இவற்றில் எது இருந்தாலும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். எலும்பில் சீழ் பிடித்தல் முதல் கட்டி வரை பல காரணங்கள் அதில் மறைந்திருக்கலாம்.

வீட்டில் செய்வதும் செய்யக்கூடாததும்

முதல் மருந்து ஓய்வு. ஓய்வு என்றால் பாயில் முடங்கிக் கிடப்பதல்ல. ஓடுவதும் குதிப்பதும் மட்டுமே நிறுத்தப்பட வேண்டும். கம்பியில் தொங்கிச் செய்யும் பயிற்சி, கை ஊன்றி நிற்றல், வயிறு, முதுகு, தோள் தசைகளுக்கான பயிற்சி, நீச்சல் இவற்றைத் தொடரலாம். பிள்ளை மைதானத்துக்கு வருவாள், தோழிகளோடு இருப்பாள், தரையில் குதிக்க மாட்டாள். 'குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்' என்ற ஏக்கமும் இருக்காது.

பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, வலிக்கும் இடத்தில் 15 நிமிடம் முதல் 20 நிமிடம் வரை, நாளைக்கு மூன்று நான்கு முறை வைக்கலாம். நேராகத் தோலில் வைத்தால் தோல் புண்ணாகும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் கவலை வேண்டாம். மலை ஊற்று நீரில் நனைத்த துணியும் உதவும்.

தைலம் தேய்ப்பது நம் வழக்கம். கெண்டைக்கால் தசையில் இதமாகத் தடவுவதில் தவறில்லை. ஆனால் வலிக்கும் எலும்பின் மேல் கட்டை விரலால் அழுத்தி உருவுவதும், 'நரம்பு பிசகியிருக்கிறது' என்று இழுத்து முறுக்குவதும் கூடாது. உள்ளே கீறல் இருந்தால் அது பெரிதாகும்.

இன்னொரு வழக்கம் அபாயமானது. போட்டி நாளன்று வலி மாத்திரையை விழுங்கிவிட்டு இறங்குவது. மாத்திரை வலியைத்தான் மறைக்கும்; எலும்பை ஒட்டாது. காவல்காரனை உறங்க வைத்துவிட்டுக் கதவைத் திறந்து போடுவது போன்றது அது. மருத்துவர் சொல்லாமல் வலி மாத்திரை வேண்டாம்; சிறுவர் சிறுமியருக்கு ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

'எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை'

இரண்டு வாரம் ஓய்வெடுத்தும் வலி குறையவில்லை என்றால், அல்லது மேலே சொன்ன அபாய அறிகுறிகளில் ஒன்று இருந்தால், எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் உண்டு. எல்லைக்கு அப்பால் கோவையிலும் தேனியிலும் உண்டு. ஒரு நாள் கூலி போகிறதே என்று தள்ளிப்போடும் வீடுகள் பல. ஆனால் கீறல் முறிவானபின் போகும் நாட்கள் அதைவிடப் பல மடங்கு.

அங்கே எக்ஸ்ரே எடுப்பார்கள். ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எலும்பின் நுண்கீறல் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எலும்பு ஆறத் தொடங்கிய பிறகே அதன் அடையாளம் படத்தில் தெரியும். ஆகவே 'எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை' என்பதற்கு 'நாளைக்கே குதிக்கலாம்' என்று பொருள் இல்லை. வலி தொடர்ந்தால் மீண்டும் போய்ச் சொல்ல வேண்டும். தேவையானால் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து உறுதி செய்வார்கள்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போனால் நல்லது: வலி எப்போது தொடங்கியது? அதற்கு முந்திய மாதம் பயிற்சி எவ்வளவு கூடியது? வாரத்துக்கு எத்தனை நாள், நாளைக்கு எத்தனை மணி? இரவில் வலி உண்டா? மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? கடைசிக் கேள்வியைக் கண்டு தயங்க வேண்டாம். அதற்கும் எலும்புக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

வயிறு காய்ந்தால் எலும்பும் காயும்

உடல் மெலிவாக இருந்தால்தான் கரணம் நன்றாக வரும் என்று எண்ணிச் சில பிள்ளைகள் சோற்றைக் குறைக்கிறார்கள். உழைக்கும் அளவுக்கு உணவு இல்லாவிட்டால், உடல் முதலில் மாதவிடாயையும் எலும்பு கட்டும் வேலையையும்தான் நிறுத்தி வைக்கும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-ல் இதை ஒரு தனிக் கோளாறாகவே பெயரிட்டு எச்சரித்தது. 15 வயது முடிந்தும் பூப்பெய்தாவிட்டாலும், வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் நின்றுபோனாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 'பயிற்சி செய்தால் அப்படித்தான்' என்று விடக்கூடாது.

எலும்புக்கான உணவு கடையில் விற்கும் டப்பா மாவில்தான் இருக்கிறது என்பதில்லை. கேழ்வரகுக் கூழ், எள்ளுருண்டை, முருங்கைக் கீரை, பால், தயிர், முட்டை, முள்ளோடு தின்னும் நெத்திலி ஆகியவை போதும். கேரளத்து மத்தி மீனும் நல்ல உணவே. சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். அதற்கு வெயில் வேண்டும். மழையும் மூடுபனியும் நிறைந்த மலையில், நாள் முழுதும் கூரைக்கு அடியில் பயிற்சி செய்யும் பிள்ளைக்கு அது குறையக்கூடும். வெயில் அடிக்கும் நாளில் சிறிது நேரம் வெளியே விளையாட விடுங்கள். குறைவு என்று சந்தேகம் வந்தால் ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் சொல்லும் அளவில் மருந்து கொடுக்கலாம்.

திரும்பும் வழி

சாதாரண ஷின் ஸ்பிளின்ட்ஸ் இரண்டு முதல் ஆறு வாரத்தில் தணியும். கீறல் விழுந்திருந்தால் ஆறு முதல் எட்டு வாரம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். வலி நின்ற மறுநாளே பழைய வேகத்தில் இறங்கினால் வலி திரும்ப வந்துவிடும். பதறாத காரியம் சிதறாது.

படிப்படியாக ஏற வேண்டும். வலியின்றி வேகமாக நடக்க முடிகிறதா, எலும்பை அழுத்தினால் வலி இல்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, மெத்தையில் இரண்டு காலாலும் சிறு குதிப்புகள். அதன்பின் மெல்லோட்டம். அதன்பின் எளிய கரணங்கள். உயரத்திலிருந்து குதித்து இறங்குவது கடைசியில்தான். ஒவ்வொரு படியிலும் சில நாட்கள் நிற்க வேண்டும். வலி தலைகாட்டினால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். மணிக் கணக்கை மட்டும் பார்க்காமல், நாளைக்கு எத்தனை முறை தரையில் குதித்து இறங்கினாள் என்று ஒரு நோட்டில் குறித்து வருவது நல்ல பழக்கம். அந்த எண்ணிக்கையை வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாமல் இருப்பது பலர் கடைப்பிடிக்கும் கணக்கு. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும்.

வலி தணிந்த பிறகு வீட்டிலேயே செய்யச் சில பயிற்சிகள் உண்டு. படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மெல்ல உயர்த்தி மெல்ல இறக்குவது ஒன்று. பத்துப் பதினைந்து முறை வீதம் மூன்று சுற்று. குதிகாலால் மட்டும் சிறிது தூரம் நடப்பது இரண்டு. தரையில் விரித்த துணியைக் கால் விரல்களால் சுருட்டி இழுப்பது மூன்று. ஒருக்களித்துப் படுத்து மேல் காலை உயர்த்தி இறக்குவது நான்கு. இவற்றுக்குச் செலவு எதுவும் இல்லை. கெண்டைக்கால், பாதம், இடுப்பு இவற்றின் தசைகள் வலுத்தால் குதிக்கும் அதிர்ச்சியை அவை வாங்கிக்கொள்ளும். எலும்பின் பங்கு குறையும்.

இரண்டு பெண்களின் கதை

மாஸ்கோவில் பிறந்து பாட்டியிடம் வளர்ந்தவர் எலேனா முகினா. 1978-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் நடந்த உலக ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் ஒட்டுமொத்தச் சாம்பியன். 1979-ல் அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. மறு ஆண்டு மாஸ்கோவிலேயே ஒலிம்பிக். கால் நன்றாகக் கூடி வலுப்பெறும் முன்பே அவர் பயிற்சிக்கு அழைக்கப்பட்டார். அந்தக் காலால் தரையை உந்தி எழும்ப அவரால் சரியாக முடியவில்லை. 1980 ஜூலை 3-ம் நாள், ஒலிம்பிக் தொடங்க இரண்டு வாரமே இருந்தபோது, மின்ஸ்க் நகரில் கடினமான கரணம் ஒன்றைச் செய்கையில் போதிய உயரம் எழும்பாமல் முகவாய் தரையில் மோதிக் கழுத்து முறிந்தது. 20 வயதில் கை கால் செயலிழந்தார். 2006-ல், தமது 46-வது வயதில் மறைந்தார். அந்த வகைக் கரணம் பின்னர் பெண்களுக்குத் தடை செய்யப்பட்டது.

மற்றொருவர் நம் நாட்டுப் பெண். திரிபுராவின் அகர்தலாவைச் சேர்ந்த தீபா கர்மாகர். ஆறு வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் தொடங்கியபோது அவருக்குத் தட்டைப் பாதம். குதித்து இறங்கும் விளையாட்டுக்கு அது பெரிய குறை. பயிற்சியாளர் பிஸ்வேஸ்வர் நந்தி பொறுமையாகப் பயிற்சி கொடுத்து அந்தப் பாதத்தைத் தேற்றினார். ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் கலந்துகொண்ட முதல் இந்தியப் பெண் தீபா. 2016-ல் ரியோவில் 15.066 புள்ளிகள் பெற்று நான்காம் இடம், வெண்கலம் 0.150 புள்ளியில் கை நழுவியது. மறு ஆண்டு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அவர் அவசரப்படவில்லை. 2018 ஜூலையில் துருக்கியின் மெர்சின் நகரில் உலக சவால் கோப்பைப் போட்டியில் தங்கத்தோடு திரும்பினார். 2024 மே மாதம், 30 வயதில், தாஷ்கண்டில் ஆசிய சாம்பியன்ஷிப் தங்கமும் வென்று, அந்த ஆண்டு அக்டோபரில் விடைபெற்றார்.

இருவருக்கும் வந்தது கணைக்கால் வலி அல்ல, பெரிய காயங்கள். ஆனால் பாடம் ஒன்றே. ஆற விட்ட கால் திரும்ப ஆடியது. ஆற விடாத கால் வாழ்க்கையையே கொண்டுபோயிற்று. நம் பாலக்காட்டு ஸ்ரீசங்கரும் 2024 ஏப்ரலில் பயிற்சியின்போது முழங்காலில் காயமுற்று, தகுதி பெற்றிருந்த பாரிஸ் ஒலிம்பிக்கையே விட்டுவிட நேர்ந்தது. சிகிச்சை பெற்றுத் தேறி 2025-ல் மீண்டும் களமிறங்கினார்.

யார் கையில் இருக்கிறது?

வலியைச் சொல்லும் பிள்ளைக்குத் தண்டனை இல்லை என்று பெரியவர்கள் காட்ட வேண்டும். "வலிக்குது சார்" என்று சொன்ன மாணவியைச் சோம்பேறி என்று ஏசினால், அடுத்த முறை அவள் சொல்ல மாட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் சொல்ல மாட்டார்கள். பயிற்சி தொடங்கும்முன் தினமும் ஒரு நிமிடம், "யாருக்குக் கால் வலிக்குது?" என்று கேட்கும் ஆசிரியர் பல எலும்புகளைக் காப்பாற்றுகிறார். வலி சொன்னவளுக்கு மாற்றுப் பயிற்சி கொடுத்துக் குழுவிலேயே வைத்திருக்கும் ஆசிரியர் பதக்கங்களையும் காப்பாற்றுகிறார்.

பெற்றோர் செய்யக்கூடியதும் சிறியதே. பகல் முழுதும் வேலை பார்த்து அலுத்து வந்தாலும், பிள்ளை படியிறங்கும் விதத்தை ஒரு கணம் பாருங்கள். நொண்டுகிறாளா? காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது முகம் சுளிக்கிறதா? பக்கத்தில் உட்கார வைத்து, அந்தக் காலைத் தம் மடியில் எடுத்து வைத்துக் கேளுங்கள். "இந்தப் போட்டி போனாப் போகுது, அடுத்த வருஷம் இருக்கு" என்று வீட்டிலுள்ள ஒருவர் சொன்னால் போதும். "ஒண்ணுமில்லம்மா" என்ற மகள், "ஆமாம்மா, ஒரு வாரமா வலிக்குது" என்று சொல்லுவாள்.

போட்டிகள் ஆண்டுதோறும் வரும். கால்கள் இரண்டுதான்.